கப்பலுக்கு ஒயின் கொண்டுபோகலாமா? கோவைப் பக்கத்திலிருந்து கிளம்புகிறவர்களுக்கு

கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு பக்கத்திலிருந்து சொகுசுக் கப்பல் ஏறுகிறவர்களில் பெரும்பகுதி இரண்டு வகை. கம்பெனி செலவில் டீலர் டூர் போகிறவர்கள் ஒரு கூட்டம். அறுபதாம் கல்யாணம், பிள்ளைகளின் பரீட்சை லீவு என்று குடும்பத்தோடு போகிறவர்கள் இன்னொரு கூட்டம். புக்கிங் முடிந்ததும் இரண்டு கூட்டத்திலும் யாராவது ஒருவர் ஏஜென்ட்டிடம் குரலைத் தாழ்த்திக் கேட்பது ஒன்றுதான்: "பாட்டல் கொண்டுட்டுப் போலாமுங்களா?"

ஒயின் என்றால் சில கப்பல்களில் போகலாம். பிராந்தி, விஸ்கி, ரம், வோட்கா என்றால் இங்கே சொல்லப்போகிற எந்தக் கப்பலிலும் முடியாது. டிக்கெட்டுக்கு அடுத்தபடியாகக் கப்பல் கம்பெனி காசு பார்ப்பது பார், கசினோ, கரைச் சுற்றுலா இவற்றில்தான். பாரில் கை வைக்க விடமாட்டார்கள். ஒயினுக்கு மட்டும் ஒரு சின்னக் கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள். அந்தக் கதவு எவ்வளவு அகலம் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அதனால் பாட்டில் வாங்குவதற்கு முன்னால் கப்பலின் பெயரைப் பாருங்கள்.

முதல் வேலை: எந்தக் கப்பல்?

ராயல் கரீபியனில் குடிக்கும் வயது வந்த ஒவ்வொருவரும் சீல் பிரிக்காத 750 மில்லி ஒயின் அல்லது ஷாம்பெயின் பாட்டில் ஒன்றைக் கொண்டுவரலாம். ஏறுகிற அன்று மட்டும்தான். அறையில் வைத்துக் குடித்தால் கட்டணம் கிடையாது. டைனிங் ஹாலுக்கோ வேறு பொது இடத்துக்கோ எடுத்துப்போனால் பாட்டிலுக்கு 15 டாலர் கார்க்கேஜ், அதாவது வெளிப் பாட்டிலைத் திறந்து ஊற்றுவதற்கான கூலி. சிங்கப்பூர் போன்ற ஆசியத் துறைமுகங்களிலிருந்து கிளம்பும் பயணங்களில் குடிக்கும் வயது 18. அமெரிக்காவிலிருந்து கிளம்பினால் 21.

மகன் டல்லாஸிலோ நியூஜெர்சியிலோ இருந்து, அங்கே போன இடத்தில் கப்பல் ஏறுகிறவர்கள் கார்னிவல், நார்வீஜியன், பிரின்சஸ், டிஸ்னி என்ற பெயர்களைக் கேள்விப்படுவார்கள். கார்னிவலிலும் ஆளுக்கு ஒரு 750 மில்லி பாட்டில், வயது 21, பொது இடத்தில் திறந்தால் 15 டாலர். நார்வீஜியன் கணக்கு வேறு மாதிரி. பாட்டில் எண்ணிக்கைக்கு வரம்பு கிடையாது, ஆனால் ஒவ்வொரு 750 மில்லிக்கும் 15 டாலர், ஒன்றரை லிட்டர் பாட்டிலுக்கு 30 டாலர். பிரின்சஸில் ஆளுக்கு ஒரு பாட்டிலை அறையில் குடித்தால் கட்டணம் இல்லை, அதற்கு மேல் கொண்டுபோவது ஒவ்வொன்றுக்கும் கட்டணம். இருப்பதிலேயே தாராளம் டிஸ்னி. 21 வயதான ஒவ்வொருவரும் இரண்டு ஒயின் பாட்டில், அல்லது ஆறு பீர். ஏறும்போது மட்டுமல்ல, இடையில் நிற்கிற ஒவ்வொரு துறைமுகத்திலும் அதே அளவு வாங்கி வரலாம். ஆனால் போர்ட் ஒயின் மாதிரி சாராயம் சேர்த்து வீரியம் ஏற்றியது அங்கே ஆகாது.

எம்.எஸ்.சி., கோஸ்டா இரண்டிலும் வெளி மது அறவே கிடையாது. நம் ஊர்க்காரர்கள் அதிகம் ஏறும் கார்டீலியாவிலும் அதே கதைதான். சென்னை, கொச்சி, மும்பை எங்கிருந்து ஏறினாலும் பாட்டில் கேட்டிலேயே நின்றுவிடும். இன்னொன்று, கார்டீலியா லட்சத்தீவு போகிற பயணமாக இருந்தால் கப்பலில் வாங்கிய சரக்கைக்கூடத் தீவில் இறக்காதீர்கள். அங்கே மதுவிலக்கு அமலில் இருக்கிறது.

இந்த விதிகளையும் தொகைகளையும் கம்பெனிகள் சொல்லாமல் கொள்ளாமல் மாற்றும். டிக்கெட்டோடு வரும் பயண ஒப்பந்தத்தில் மது பற்றிய பத்தி ஒன்று இருக்கும். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் அதைப் படித்துவிடுங்கள். ஏஜென்ட் வாய்வார்த்தையாகச் சொன்னது துறைமுகத்தில் எடுபடாது.

டீலர் டூர் போகிறவர்கள் இன்னொன்றும் கேட்டுக்கொள்ள வேண்டும்: கம்பெனி ட்ரிங்க்ஸ் பேக்கேஜ் சேர்த்துக் கட்டியிருக்கிறதா? கட்டியிருந்தால் இந்தக் கட்டுரையை இத்தோடு மூடிவிடலாம், பாட்டில் சுமப்பது வீண் வேலை. சொந்தக் காசில் பேக்கேஜ் எடுக்க நினைக்கிறவர்கள் ராயல் கரீபியனில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரே அறையில் இருக்கிற பெரியவர்களில் ஒருவர் மது பேக்கேஜ் எடுத்தால் மற்றவரும் எடுத்தாக வேண்டும். வீட்டுக்காரம்மா ஒரு சொட்டுத் தொடாதவராக இருந்தாலும் இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் காசு. அந்த மாதிரி ஜோடிக்குச் சொந்த ஒயின்தான் சரியான வழி.

கணக்கு கட்டுபடியாகுமா?

750 மில்லி பாட்டிலில் 150 மில்லி வீதம் ஐந்து கிளாஸ் வரும். கப்பல் பாரில் ஒரு கிளாஸ் ஒயின் சாதாரணமாக 10 டாலருக்கு மேல். அதற்கு மேல் சேவைக் கட்டணம் வேறு தனியாக ஏறும். 20 டாலருக்கு ஒரு பாட்டில் வாங்கி 15 டாலர் கார்க்கேஜும் கட்டினால் மொத்தம் 35, கிளாஸுக்கு 7 டாலர். அறையிலேயே குடித்தால் 4 டாலர். ஆக, கார்க்கேஜ் கட்டினாலும் நட்டம் இல்லை. ஆனால் 8 டாலர் பாட்டிலைச் சுமந்துபோய் அதற்கு 15 டாலர் கட்டினால் ஒயின் விலையைவிடக் கூலி அதிகமாகிவிடும். டைனிங் ஹாலுக்கு எடுத்துப்போவது நல்ல பாட்டிலாக இருக்கட்டும், சாதாரணத்தை அறையில் முடித்துவிடுங்கள்.

எங்கே வாங்குவது?

ஊரிலிருந்து சுமக்காதீர்கள். கப்பல் கிளம்புகிற ஊரில் வாங்குங்கள்.

கோவை பீளமேடு விமான நிலையத்திலிருந்து சிங்கப்பூருக்கு நேரடி விமானம் இருக்கிறது. ஸ்கூட் விமான கம்பெனியில் மலிவு டிக்கெட் எடுத்தால் செக்-இன் பெட்டி அதில் சேராது, தனியாகக் காசு கட்டி வாங்க வேண்டும். கைப்பையில் 100 மில்லிக்கு மேல் திரவம் போகாது. எனவே பெட்டிக்குக் காசு கட்டாதவர் கோவையிலிருந்து ஒயின் கொண்டுபோகவே முடியாது. பெட்டி இருந்தாலும், நிறைந்த ஒயின் பாட்டில் ஒன்று 1.2 முதல் 1.5 கிலோ வரை கனக்கும். நாலு பாட்டில் போட்டால் 20 கிலோவில் கால்வாசி போச்சு.

சாங்கி விமான நிலையத்தில் இறங்கிப் பெட்டி எடுக்கிற இடத்திலேயே டூட்டி ஃப்ரீ கடை இருக்கிறது. பாஸ்போர்ட்டைக் காட்டி அங்கே வாங்கிக்கொள்ளலாம். அங்கே வாங்கினாலும் சரி, ஊரிலிருந்து கொண்டுபோனாலும் சரி, சிங்கப்பூர் சுங்கம் ஆளுக்கு மொத்தம் 2 லிட்டர்தான் வரியில்லாமல் விடும். அதையும் முழுக்க ஒயினாக எடுத்துக்கொள்ளலாம், ஆக ஆளுக்கு இரண்டு பாட்டில் தாராளமாகப் போகும். இந்தச் சலுகைக்கு வயது 18 ஆகியிருக்க வேண்டும், சிங்கப்பூருக்கு வெளியே குறைந்தது 48 மணி நேரம் இருந்திருக்க வேண்டும், மலேசியாவிலிருந்து வருகிறவராக இருக்கக்கூடாது. கடைசி நிபந்தனைதான் பலரைக் கவிழ்க்கும். கோலாலம்பூர் சுற்றிவிட்டு பஸ்ஸில் சிங்கப்பூர் வந்து கப்பல் ஏறுகிற திட்டம் போட்டிருந்தால் ஒரு சொட்டுக்கும் சலுகை இல்லை.

அளவு மீறினால் சிவப்பு வழியில் போய்ச் சொல்லி வரி கட்டிவிடுங்கள். அங்கே ஒயினுக்கு வரி, அதிலுள்ள ஆல்கஹாலின் அளவை வைத்துப் போடுகிறார்கள்: லிட்டர் ஆல்கஹாலுக்கு 88 சிங்கப்பூர் டாலர். 13 சதவீத ஒயின் 750 மில்லியில் இருப்பது 97.5 மில்லி ஆல்கஹால். அதற்கு வரி 8.58 டாலர், அதற்கு மேல் 9 சதவீதம் ஜி.எஸ்.டி. சிங்கப்பூர்க் கடையில் ஒயின் ஏன் அந்த விலை விற்கிறது என்பதும் இதிலேயே புரிந்துவிடும். மறந்துபோய் ஊருக்குள் வாங்க வேண்டி வந்தால் இரவு 10.30-க்குள் வாங்கிவிடுங்கள். அதற்குப் பிறகு காலை 7 மணி வரை கடைகளில் மது விற்கக்கூடாது.

வளைகுடாவில் கப்பல் ஏறுகிறவர்கள் இந்தப் பத்தியை இரண்டு தடவை படியுங்கள். கோவையிலிருந்து ஷார்ஜாவுக்கு நேரடி விமானம் இருக்கிறது. கப்பல் நிற்பது துபாயில். இரண்டும் பக்கத்துப் பக்கத்து ஊர்தான், ஆனால் சட்டம் வேறு. ஷார்ஜாவில் மதுவுக்குத் தடை. பெட்டியில் பாட்டிலோடு ஷார்ஜாவில் இறங்கி டாக்சியில் துபாய் போவது போலீஸ் வழக்கில் முடியக்கூடிய வேலை. ஷார்ஜா வழியாகப் போகிறவர் பாட்டிலை மறந்துவிடுவது நல்லது. அங்கிருந்து ஏறுவது எம்.எஸ்.சி. அல்லது கோஸ்டா கப்பல் என்றால் எப்படியும் உள்ளே விடப்போவதில்லை.

கொச்சியிலிருந்து ஏறுகிறவர்கள் கேரள எல்லையான வாளையாரைத் தாண்ட வேண்டும். ஒரு மாநிலத்து பாட்டிலை இன்னொரு மாநிலத்துக்குள் கொண்டுபோவதற்குக் கலால் விதிகள் தனித்தனி. டாஸ்மாக் பாட்டிலோடு அங்கே போவதும், அங்கே வாங்கியதோடு இங்கே வருவதும் சோதனையில் மாட்டினால் வம்பு. இரண்டு பாட்டில் ஒயினுக்காக காரை ஓரங்கட்டி நிற்க வேண்டியதில்லை.

குன்னூர், ஊட்டியில் வீட்டில் போட்ட ஒயின், தொண்டாமுத்தூர் பன்னீர் திராட்சையில் அத்தை ஊற வைத்தது, எதுவும் கப்பலில் ஏறாது. தொழிற்சாலை சீலும் லேபிளும் இல்லாத பாட்டிலை விடமாட்டார்கள். போதாததற்கு, புளிப்பு முழுக்க முடியாத வீட்டு ஒயின் பெட்டிக்குள் சூடேறினால் காற்று கட்டி மூடி தெறிக்கும். பட்டுப்புடவை இருக்கிற பெட்டி என்றால் சொல்லவே வேண்டாம். கள்ளுக்கும் இதே பதில்தான்.

பெட்டியில் வைக்கிற முறை

இவ்வளவு சொல்லியும் ஊரிலிருந்துதான் கொண்டுபோவேன் என்கிறவர்களுக்கு. நாசிக்கின் சுலா, பெங்களூர் நந்தி மலைப்பக்கத்து குரோவர் ஜாம்பா போன்ற நம் நாட்டு ஒயின்களை அங்கே இருக்கிற சொந்தக்காரருக்குக் காட்டலாம் என்று ஆசைப்படுகிறவர்கள் உண்டு, அது நியாயமான ஆசைதான். 24 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ள சரக்குக்கு விமானத்தில் ஆளுக்கு 5 லிட்டர் என்று வரம்பு உண்டு. ஒயின் 11 முதல் 15 சதவீதம் என்பதால் அந்த வரம்பில் வராது. எடையும் இறங்குகிற நாட்டுச் சுங்கமும்தான் தடை.

முறுக்கு மூடி போட்ட பாட்டிலாகப் பாருங்கள். சுலாவில் பல வகைகள் அப்படித்தான் வருகின்றன. கார்க் வைத்தது வெயிலில் நின்ற கார் டிக்கியில் நாலு மணி நேரம் இருந்தால் உள்ளே ஒயின் விரிந்து கார்க்கை மேலே தள்ளும், ஓரத்தில் கசியும். பிறகு குடித்துப் பார்த்தால் காய்ச்சிய பழரசம் மாதிரி ஒரு வாடை. விமானத்தில் அழுத்தம் குறைந்து பாட்டில் வெடிக்கும் என்று சொல்வார்கள், அது கிடையாது. சரக்கு அறையிலும் அழுத்தம் சரிசெய்யப்பட்டிருக்கும். உடைவதெல்லாம் பெட்டியைத் தூக்கிப் போடும்போதுதான்.

பாட்டிலை முதலில் ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில் போட்டுக் காற்றை எடுத்து மூடுங்கள். இரண்டு உறை இருந்தால் இன்னும் நல்லது. அதன்மேல் பனியன் துணி. இதற்குத் திருப்பூர்க்காரர்களுக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டாம்: நாலைந்து புது பனியனைப் பாட்டிலின் கழுத்திலிருந்து அடி வரை இறுக்கிச் சுற்றினால் கடையில் விற்கிற நுரை உறையைவிட நன்றாகத் தாங்கும். கழுத்துப் பகுதி மெலிந்து இருப்பதால் அங்கே கூடுதலாக ஒரு சுற்று. பெட்டியின் நடுவில், எல்லாப் பக்கமும் நாலு விரல் அளவுக்குத் துணி இருக்கும்படி படுக்க வையுங்கள். இரண்டு பாட்டில் ஒன்றையொன்று தொடக்கூடாது. பெட்டியை மூடி ஆட்டிப் பாருங்கள். உள்ளே ஏதாவது நகர்ந்தால் இன்னும் துணி வேண்டும் என்று அர்த்தம். கார்க் திருகியும் இந்தப் பெட்டியிலேயே போகட்டும், விமானக் கைப்பையில் விடமாட்டார்கள்.

ஏறுகிற நாள்

சிங்கப்பூரில் ராயல் கரீபியன் கப்பல்கள் நிற்பது மரினா பே குரூஸ் சென்டரில். எம்.ஆர்.டி. என்கிற மெட்ரோ ரயிலில் போகிறவர்கள் மரினா சவுத் பியர் நிலையத்தில் இறங்க வேண்டும். பெட்டிகளுக்கு அறை எண் போட்ட சீட்டைக் கட்டி வாசலிலேயே ஒப்படைத்துவிடுவீர்கள். பாட்டிலை அந்தப் பெட்டியில் விட்டுவிடாதீர்கள். விமானத்தில் பெட்டிக்குள் இருந்தாக வேண்டும், கப்பலில் கையில் இருந்தாக வேண்டும், இங்கேதான் புதியவர்கள் குழம்புவார்கள். ஒப்படைத்த பெட்டிகளை எக்ஸ்ரேயில் போடும்போது பாட்டில் உருவம் தெரிந்தால் அந்தப் பெட்டி உங்கள் அறைக்கு வராது. சாயங்காலம் மற்ற பெட்டியெல்லாம் வந்து சேர்ந்த பிறகும் அது ஒன்று மட்டும் வராமல், கீழ்த்தளத்தில் ஒரு கவுண்டருக்குப் போய் அவர்கள் முன்னால் திறந்து காட்டி எடுத்துவர வேண்டியிருக்கும். மாத்திரையும் மாற்றுத் துணியும் அதற்குள் மாட்டிக்கொண்டால் முதல் ராத்திரி சாப்பாடே கெட்டுவிடும். அதனால் ஓட்டலிலிருந்து கிளம்பும்போதே பாட்டிலைத் தோள்பைக்கு மாற்றிவிடுங்கள்.

ஆளுக்கு ஒன்று என்றால் ஆளுக்கு ஒன்று அவரவர் பையில். நம் வீடுகளில் இதுதான் பெரிய பாடு. "என்ற பங்கையும் நீயே வெச்சுக்க மாப்ள" என்று ஒருவர் பையில் நாலு பாட்டிலைத் திணித்தால், எக்ஸ்ரேயில் நாலும் வரிசையாகத் தெரியும், மூன்றை எடுத்து வைத்துவிடுவார்கள். அத்தையும் அம்மாவும் பாட்டிலைத் தொடமாட்டேன் என்பார்கள், அவர்களிடம் கெஞ்ச வேண்டியதில்லை. குடும்பமாகச் சேர்ந்தே வரிசையில் நின்று, ஒரே பையாக இருந்தால் யார் யாருடையது என்று கேட்கும் முன்பே சொல்லிவிடுங்கள், பெரும்பாலும் விடுவார்கள். ஆனால் அது அவர்கள் பெருந்தன்மை, உங்கள் உரிமை இல்லை.

ஒளித்துக் கொண்டுபோகிற வேலை வேண்டாம். தண்ணீர் பாட்டிலில் வோட்கா, மவுத்வாஷ் குப்பியில் ரம் என்று எல்லாத் தந்திரமும் அவர்களுக்குப் பழசு. சந்தேகப்பட்ட பாட்டிலைத் திறந்து முகர்ந்து பார்ப்பார்கள், பிடித்ததைத் திருப்பித் தருவார்கள் என்ற உத்தரவாதம் கிடையாது. மீறினவரைக் கப்பலில் ஏற்றாமல் விடவோ நடுவழியில் இறக்கவோ ஒப்பந்தத்தில் இடம் உண்டு. டீலர் டூரில் அது ஒருவர் மானம் மட்டும் போகிற விஷயமும் இல்லை.

அறையில்

கப்பல் ஆடும்போது மேசைமேல் நிற்கிற பாட்டில் முதலில் சாயும். அலமாரியின் அடித்தட்டில், செருப்புக்கும் லைஃப் ஜாக்கெட்டுக்கும் இடையில் சொருகி வையுங்கள். பால்கனி வெயிலில் வைக்கவே கூடாது. அறையிலிருக்கிற சின்ன ஃப்ரிட்ஜ் பல கப்பல்களில் லேசாகக் குளிர்விக்கும், அவ்வளவுதான். அறைப் பணியாளரிடம் ஐஸ் வாளியும் இரண்டு கிளாஸும் கேளுங்கள், தருவார்கள். வாளியில் ஐஸ் மட்டும் போட்டால் பாட்டில் மெதுவாகத்தான் குளிரும். பாதி ஐஸ், பாதி தண்ணீர் என்று ஊற்றிப் பாட்டிலைக் கழுத்து வரை முக்கினால் வெள்ளை ஒயின் அரை மணி நேரத்தில் தயார். சிவப்பு ஒயினையும் பத்து நிமிடம் முக்கி எடுங்கள். வெப்ப நாட்டுக் கடலில் அறைச்சூட்டிலேயே குடித்தால் தலைக்கு ஏறும் வாடைதான் மிஞ்சும்.

டைனிங் ஹாலுக்கு எடுத்துப்போனால் திறக்காமல் வெயிட்டரிடம் கொடுங்கள். அவர் திறந்து ஊற்றுவார், கார்க்கேஜ் உங்கள் அறைக் கணக்கில் ஏறும். ஒரே வேளையில் முடிக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. மீதியை அறை எண் எழுதி வைத்துக்கொண்டு மறுநாள் இரவு கொண்டுவந்து தரச் சொல்லலாம். காரமான சாப்பாடு எடுக்கிறவர்கள் கடுமையான சிவப்பு ஒயினைத் தவிருங்கள், அதன் துவர்ப்பு மிளகாய்க் காரத்தை இன்னும் ஏற்றிவிடும். நன்றாகக் குளிர்ந்த செனின் பிளாங்க் மாதிரி லேசான இனிப்பு வெள்ளை நம் நாக்குக்கு ஒத்துப்போகும்.

வழியில் வாங்கியது, இறங்கும்போது

பினாங்கு, லங்காவி போன்ற நிறுத்தங்களில் வாங்கும் மதுவைக் கப்பல் ஏறும்போது வாங்கி வைத்துக்கொண்டு ரசீது தருவார்கள். கப்பல் கடையில் வாங்கும் டூட்டி ஃப்ரீ சரக்கும் கடைசி ராத்திரிதான் கைக்கு வரும். அதே ராத்திரிதான் பெரிய பெட்டியை மூடி அறைக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள். பாட்டில் வந்து சேரும்போது பெட்டி போயிருக்கும். எனவே அன்றைக்குக் கைப்பையில் இடம் விட்டு வையுங்கள், காலையில் டெர்மினலில் பெட்டியை எடுத்ததும் ஒரு ஓரமாகத் திறந்து பாட்டிலை உள்ளே மாற்றுங்கள். பனியன் துணியையும் கைப்பையிலேயே வைத்திருந்தால் சௌகரியம். இதைச் செய்யாமல் நேராக விமான நிலையம் போனால் பாதுகாப்புச் சோதனையில் பாட்டில் குப்பைத்தொட்டிக்குப் போகும். கடைசித் துறைமுகம் மலேசியாவாக இருந்தால் சிங்கப்பூர் சுங்கச் சலுகை இருக்காது என்றே வைத்துக்கொண்டு செலவைக் கணக்குப் போடுங்கள்.

சாங்கியில் டூட்டி ஃப்ரீயாக விமானத்துக்கு வாங்கினால் சீல் வைத்த பையில் ரசீதோடு தருவார்கள். கோவையில் இறங்கி வெளியே வரும் வரை அந்தப் பையைப் பிரிக்காதீர்கள். நம் சுங்கம் வரியில்லாமல் விடுவது ஆளுக்கு 2 லிட்டர். ஒயின், விஸ்கி எல்லாம் சேர்ந்துதான் அந்த 2 லிட்டர். ஒரு லிட்டர் விஸ்கியும் இரண்டு பாட்டில் ஒயினும் வாங்கினால் 2.5 லிட்டர் ஆகிவிடும். அந்த அரை லிட்டருக்கு மேசையில் நின்று வரி கட்ட வேண்டும், அல்லது கூட வருகிற பெரியவர் ஒருவர் தன் பங்கில் ஒரு பாட்டிலைக் காட்ட வேண்டும்.